வேனுக்கு ஒரு சைபர்

எனக்குக் காபியில் சீனி போடாமல் கொடுக்கச் சொல்லுங்கள் அம்மா. விட்டு நாலு வருஷமாகிறது. காலையில் ஐந்தே முக்காலுக்கு ரோச் பூங்காவில் நடை, இரவு ஏழரைக்குள் சாப்பாடு. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு ரத்த அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பது. ஆயுள் அட்டவணைப்படி இன்னும் இருபத்தாறு வருஷம் இருப்பேன். அட்டவணைகள்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு.

வாயைத் திறக்காதே என்றுதான் வக்கீல் சொல்லி அனுப்பினார். ஆனால் நீங்கள் தயாரித்து வைத்திருக்கும் விசாரணைக் குறிப்பில் ஒரு எண் தப்பாக இருக்கிறது. தப்பான எண்ணை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக என்னால் முடியாது. அது தொழில் வியாதி. அதைக் கடைசியில் சொல்கிறேன். முன்கதை தெரியாமல் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

நான் சிவபாலன். வெண்முத்து மரைன் கம்பெனியில் நிதித்துறைப் பொது மேலாளர். கம்பெனிக்கு முத்தோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது, இறாலை உரித்து ஐஸ் போட்டு ஏற்றுமதி செய்கிறோம். ஆனால் எங்கள் சேர்மன் வீரபாகு அண்ணாச்சிக்கு இறால் என்ற சொல் கௌரவக் குறைச்சல். அதனால் லெட்டர்பேடில் சிப்பி, வாசலில் சிமெண்டுச் சிப்பி, போர்டு ரூமில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நிஜச் சிப்பி.

2017 ஆகஸ்டில் வேம்பார் ரோட்டிலுள்ள எங்கள் ஆலையில் அமோனியா குழாய் வெடித்தது. உரிக்கிற கொட்டகையில் முப்பத்தெட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஒருவரும் சாகவில்லை. பிரச்சினையே அங்கேதான் தொடங்குகிறது என்று பிறகு எங்கள் அபாய மேலாண்மைக் கமிட்டியில் ஒருவர் சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

முப்பத்தெட்டுப் பேருக்கும் நுரையீரல் வெந்துபோனது. மறு வருஷம் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒவ்வொருவருக்கும் உயிர் உள்ள காலம்வரை மாதம் ஒன்பதாயிரம் ரூபாய். அதோடு, 'சுவாசச் சிகிச்சைக்கு நியாயமான உதவி'. நியாயமான என்பதற்கு விளக்கம் கிடையாது. நடைமுறையில் அது ஒரு வேனாகவும், வீடுகளில் வைக்கிற ஆக்சிஜன் மெஷின்களாகவும் ஆனது. வாரம் இருமுறை வேன் வேம்பார்க் கரையிலிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும். டிரைவர் பெயர் ஞானையா. கையெழுத்தான அன்றைக்கு அண்ணாச்சி மேடை போட்டு, முப்பத்தெட்டுப் பேருக்கும் சிப்பி வடிவத்தில் கேடயம் கொடுத்தார். நுரையீரல் கெட்டதற்குக் கேடயம் கொடுத்த கம்பெனி இந்தியாவிலேயே நாங்கள் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப்பின் விஷயம் என் மேஜைக்கு வந்தது. முப்பத்தெட்டுப் பேருக்குச் சாகும்வரை பணம் கொடுக்கவேண்டும் என்றால், இன்றைய தேதிக்கு அந்தக் கடமையின் மதிப்பு என்ன? இதைத்தான் நான் கண்டுபிடிக்கவேண்டும்.

மதிப்பு என்பது மூன்று வகை. துறைமுகத்தில் காலையில் சீலா மீன் ஏலம் போகிறது. கூவின விலைதான் மதிப்பு, அதில் பேச்சில்லை. சீலா வராத நாளில் பாறை மீன் என்ன விலை போனது என்று பார்த்து, இதற்கு இவ்வளவு இருக்கும் என்று சொல்லலாம். அது இரண்டாம் வகை. மூன்றாவதுதான் திறக்காத சிப்பி. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் இந்தக் கரையில் சிப்பியைத் திறக்காமலே குவியலாகத்தான் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, மண் இருக்கிறதா என்று விற்கிறவனுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. ஆனாலும் விலை உண்டு. அந்த விலை முழுக்க முழுக்க அனுமானம். இன்றைக்கு அதற்குக் கம்ப்யூட்டரில் மாடல் போடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். முப்பத்தெட்டுப் பெண்களும் மூன்றாம் வகை.

2018இல் அந்த மதிப்பு நாலு கோடியே அறுபது லட்சம் வந்தது. அதே தொகையைக் கம்பெனி தனியாக ஒதுக்கிவைத்தது. இங்கேதான் வட்டி உள்ளே வருகிறது. எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம், அதனால் பனையை வைத்தே சொல்கிறேன். ஒருவருக்குத் தினமும் ஒரு கலயம் பதநீர் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு பனை நிறையச் சுரந்தால் நாலு பனை போதும். சுரப்பு குறைந்தால் ஐந்து பனை வேண்டும். வட்டி என்பது சுரப்பு. வட்டி இறங்கினால் அதே ஒன்பதாயிரத்தைக் கொடுக்க அதிக முதல் வேண்டும். இந்த ஆபத்துக்கு மருந்தும் உண்டு. இருபது, முப்பது வருஷத்துக்கு வட்டி மாறாத அரசுக் கடன்பத்திரங்களை அன்றைக்கே வாங்கிப் பூட்டிவிடவேண்டும். முதல் வருஷ மாணவனுக்குத் தெரிந்த பாடம்.

நான் வாங்கவில்லை. நீண்டகாலப் பத்திரத்தின் விலை தினமும் ஏறும், இறங்கும். கடைசிவரை வைத்திருப்பவனுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஆனால் அண்ணாச்சிக்கு இறங்குகிற எதையும் பார்க்கப் பிடிக்காது. அவர் வீட்டு லிஃப்ட்டில்கூட மேலே போகிற பொத்தான்தான் தேய்ந்திருக்கும். 'ஏலே சிவபாலா, பேங்குல ஒரு வருச டெபாசிட்டா போடு. ராத்திரி தூக்கம் வரணும்லா' என்றார். போட்டேன். போர்டுக்குக் காட்டிய ஸ்லைடில் மட்டும் 'வட்டி அபாயம் முழுமையாகத் தடுக்கப்பட்டுள்ளது' என்று எழுதினேன். நீல எழுத்தில். அது ஒரு பொய், ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் போர்டில் கைதட்டினார்கள்.

2020இல் வட்டி விழுந்தது. எட்டு இருந்த இடத்தில் ஆறு. என் மாடலில் புது வட்டியைப் போட்டேன். கடமையின் மதிப்பு ஐந்து கோடியே அறுபது லட்சத்தைத் தாண்டியது. ஒரு கோடி ஓட்டை. அண்ணாச்சி மகள் கல்யாணத்துக்குப் பந்தல்காரருக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் அந்தச் சமயம் கம்பெனி பங்குச் சந்தைக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தது. ஓட்டையைக் காட்டினால் நீல எழுத்து ஸ்லைடு எங்கே என்று கேட்பார்கள்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்த சிப்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். 'வட்டியை நாம மாத்த முடியாது. சரி. வேற எதை மாத்தலாம்?'

ஒழுங்கான கேள்வி. மதிப்பில் இரண்டே சங்கதிதான் உண்டு. ஒன்று வட்டி. இன்னொன்று, எத்தனை வருஷம் கொடுக்கவேண்டும் என்பது.

கோப்பில் பெரிய ஆஸ்பத்திரி நுரையீரல் டாக்டரின் கடிதம் ஒன்று இருந்தது. ஊரடங்கில் எல்லா வண்டியும் நின்றபோது எங்கள் வேனும் நின்றிருந்தது. தயவுசெய்து வேனை மட்டுமாவது ஓட்டுங்கள் என்று கெஞ்சி எழுதியிருந்தார். சிகிச்சை ஒழுங்காக நடந்தால் இவர்கள் மற்றவர்களைப்போலவே வாழ்வார்கள். நின்றுபோனால் மூன்று வருஷத்துக்குள் நாலில் ஒருவர் இருக்கமாட்டார் என்று எண்ணோடு எழுதியிருந்தார். இரக்கப்பட்டு எழுதுகிறவர்கள் பொதுவாக எண் கொடுப்பதில்லை. அவர் கொடுத்திருந்தார். அந்தக் கடிதத்துக்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

மாடலில் டி-14 என்ற கட்டத்தை அதற்காக ஒதுக்கினேன். பக்கத்தில் 'வேன்' என்று எழுதினேன். ஒன்று போட்டால் வேன் ஓடுகிறது, ஊருக்கெல்லாம் உள்ள ஆயுள் அட்டவணை வேலை செய்யும். மூன்று வருஷத்தில் இரண்டு மரணம். சைபர் போட்டால் டாக்டரின் அட்டவணை. மூன்று வருஷத்தில் ஒன்பது மரணம். சைபர் போட்டு எண்டர் தட்டினேன். ஓட்டை மூடிக்கொண்டது. பார்க்க அழகாக இருந்தது அம்மா, பொய் சொல்லமாட்டேன்.

இதை நான் ஒளிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறொருவனாக இருந்தால் எண்ணை எங்கேயாவது புதைத்திருப்பான். நல்ல மாடலில் ஒவ்வொரு அனுமானமும் தனிக் கட்டத்தில், பெயரோடு, வெளிச்சத்தில் இருக்கவேண்டும் என்பது என் கொள்கை.

அப்புறம் நான் எதையும் நிறுத்தவும் இல்லை. வேனை நிறுத்தியது சர்க்கார். ஊரடங்கு முடிந்ததும் மற்ற வண்டிகளெல்லாம் ஓடத் தொடங்கின. இது ஓடவில்லை. ஓடவேண்டும் என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்துப் போடவேண்டியவன் நான். ஆக்சிஜன் மெஷின்களும் அப்படித்தான். வேம்பாரில் உப்புக்காற்று, ஆறு மாதத்துக்கொருமுறை ஃபில்டர் மாற்றாவிட்டால் மெஷின் வெறும் காற்றைத்தான் ஊதும். பராமரிப்பு ஒப்பந்தம் தானாக முடிந்தது. நான் புதுப்பிக்கவில்லை. மெஷின்களை யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் மெஷின் இருந்தது.

சந்தனச்செல்வியைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

பணம் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கொருமுறை நவம்பரில் நேரில் வந்து உயிர்ச் சான்று கொடுக்கவேண்டும் என்பது விதி. என் அறை இரண்டாம் மாடியில். லிஃப்ட் டைரக்டர்களுக்கு மட்டும். இரண்டு மாடி ஏறி வந்து நிற்பவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்றிதழே தேவையில்லை என்று எங்கள் கமிட்டியில் ஒரு ஜோக் உண்டு. சந்தனச்செல்விக்கு நாற்பத்துநாலு வயது. ஒவ்வொரு வருஷமும் முதல் ஆளாக வருவாள். மாடிப்படித் திருப்பத்தில் ஒருமுறை, வராந்தாவில் ஒருமுறை உட்கார்ந்து, கடைசியில் என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மூச்சு வந்ததும் முதலில் வருவது கேலிதான்.

'என்ன சார், இந்த வருசமும் வந்துட்டாளேன்னு பாக்கியளா?'

2020 நவம்பரில் வேனைப் பற்றிக் கேட்டாள். ரிப்பேர் என்றேன். 2021 நவம்பரில் வந்தபோது அவளோடு வழக்கமாக வருகிற செல்லத்தாய் இல்லை. செல்லத்தாய் அந்த ஜூலையில் போய்விட்டாள். மாடலில் அவள் மூன்றாவது.

'நம்ம வேன் ரிப்பேருன்னிய. போன வாரம் கோட்டுப் போட்ட ஆளுகள ஏத்திக்கிட்டு ரோட்டுல போச்சே சார்' என்றாள். 'நான் கைகாட்டுனேன். ஞானையா அண்ணன் என்னையப் பாத்துட்டு, பாக்காத மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டாவ. ஸ்டியரிங்கப் புடிச்சி அழுத மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சுது.'

அது உண்மை. பங்கு வெளியீட்டுக்காக பம்பாயிலிருந்து பேங்கர்கள் வருவார்கள். வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து ஆலைக்கு அவர்களை அழைத்துவர, அந்த வேனில் இருக்கை உறை மாற்றி, உள்ளே மல்லிகை வாசனை அடித்து அனுப்பினோம். சொத்து சும்மா நிற்கக்கூடாது.

அவள் மேஜைமேல் இருந்த என் கால்குலேட்டரைத் தட்டினாள்.

'நான் செத்தா கம்பெனிக்கு எம்புட்டு சார் மிச்சம்?'

பொய் சொல்ல எனக்கு மனமில்லை. 'பதினாலு லட்சத்து எண்பதாயிரம்' என்றேன்.

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலானது, இருமல் நிற்க நேரமானது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, 'எம்மா' என்றாள். 'உசுரோட இருக்கைல எவனும் என்னைய ஒத்த ரூவாய்க்கு மதிச்சதில்ல. இத எம் புருசங்கிட்ட சொல்லிராதிய. தலவாணிய எடுத்துருவான்.' வாசல்வரை போய் நின்று, சிரிக்காமல் ஒன்று சொன்னாள். 'அந்த வண்டிய மட்டும் விடச் சொல்லுங்க சார். பஸ் படி ஏற முடியல. ஏறிட்டா மூச்சு வர்றதுக்குள்ள கண்டக்டர் ஏசுதான். மாசப்பணத்த வேணா ஆயிரம் கொறச்சிக்கிடுங்க.'

நான் யோசித்துப் பார்த்தேன். ஆயிரம் குறைத்தால் ஓட்டை பாதிதான் மூடும்.

அந்த மார்ச் முடிவில் ஐந்து மரணங்கள். மாடல் சொன்னதும் ஐந்து.

2022 நடுவில் வட்டி மறுபடி ஏழரைக்குப் பக்கம் ஏறியது. ஜூனில் யுஸ்ரா என்று காயல்பட்டினத்துப் பெண் எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தாள். வட்டி வாங்குகிற வேலைக்குப் போகாதே என்று அவள் வாப்பா சொன்னாராம். வாங்குகிற வேலை இல்லை வாப்பா, அதைக் கண்டு பயப்படுகிற வேலைதான் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். கெட்டிக்காரி. இரண்டாம் வாரமே மாடலைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டாள்.

'சார், டி-14ல வேன்னு போட்டு சைபர் இருக்கே. ஒண்ணு போட்டா என்ன ஆவும்?'

'போட்டுப் பார்' என்றேன்.

போட்டாள். மதிப்பு கொஞ்சம் ஏறியது. ஒதுக்கிவைத்த பணம் அதற்கும் காணும். வட்டி ஏறியதால் ஓட்டை தானாகவே மறைந்திருந்தது. அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

'இப்பம் ஒண்ணு போட்டாலும் நட்டம் இல்லையே சார். அப்பம் வேனை விட்டுரலாம்லா?'

கணக்கியலின் அடிப்படையை அவளுக்கு எடுத்துச் சொன்னேன். ஒருமுறை எடுத்த அனுமானத்தை வலுவான காரணம் இல்லாமல் மாற்றக்கூடாது. இன்றைக்குச் சாதகமாக இருக்கிறது என்று சைபரை ஒன்றாக்கினால், முன்பு ஏன் சைபர் போட்டாய் என்று ஆடிட்டர் கேட்பார். மாறாமை என்பது நம் தொழிலின் கற்பு. அவள் கட்டத்தில் மறுபடி சைபர் போட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். விரல் நுனியைச் சுரிதாரில் துடைத்துக்கொண்டிருந்தாள். கீபோர்டில் தூசியோ என்னவோ.

அந்த வருஷம் நாலு. 2023 மார்ச் முப்பத்தொன்றோடு ஒன்பது. ஆடிட்டர் தன் அறிக்கையில் எழுதினார்: 'நிர்வாகத்தின் ஆயுள் அனுமானங்கள் உண்மையான அனுபவத்தோடு மிக நெருக்கமாக ஒத்துப்போகின்றன.' இருபத்தைந்து வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு வரியை எனக்கு எவரும் எழுதியதில்லை. சென்னையில் நட்சத்திர ஹோட்டல் ஒன்றில், சிறந்த அபாய மேலாண்மைக்கென்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். அண்ணாச்சி மேடையில் வாங்கிக்கொண்டார். அதுவும் சிப்பி வடிவம்தான். நன்கொடை கொடுத்தது நாங்கள் என்பதால் வடிவமும் எங்களுடையது. பங்கு வெளியீடு நல்லபடியாக முடிந்தது.

என்னை ஈரமில்லாதவன் என்று யுஸ்ரா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். மாடல் ஃபைலை அவள்தான் உங்களிடம் கொண்டுவந்தாள் என்று தெரியும், எனக்கு வருத்தமில்லை. மாடலை ஒழுங்காகப் படித்த ஒரே ஆள் அவள். ஆனால் அவள் சொன்னது சரியில்லை. சாவு விழுந்த ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பெனி பெயரில் சம்பங்கி மாலை அனுப்பினேன். அதற்காக 2020லேயே பட்ஜெட்டில் தனித் தலைப்பு வைத்தேன். மூன்று வருஷத்துக்கு ஒன்பது மாலை. பூ விலை ஏறும் என்று அதற்கும் சேர்த்து ஒதுக்கினேன். அவ்வளவு யோசித்தவனை ஈரமில்லாதவன் என்பது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

டிரைவர் ஞானையாவின் டிரிப் நோட்டும் உங்களிடம் இருக்கிறது. திங்கள், வியாழன் தேதிகளில் 'வேம்பார் – போகவில்லை' என்று மூன்று வருஷமாக எழுதிவைத்திருக்கிறார். போகாத டிரிப்பை யாரும் எழுதச் சொல்லவில்லை. ஆனால் பதிவு சரியானது, ஆட்சேபிக்கமாட்டேன்.

இனி உங்கள் குறிப்புக்கு வருகிறேன். தொகை சரி, தேதிகள் சரி. டி-14இல் சைபர் போட்டது நான். அது என்ன செய்யும் என்று தெரிந்தே போட்டேன். அதை வேண்டாம் என்று எடுக்கக்கூடிய நாள் வந்தபோதும் நான் எடுக்கவில்லை. இதற்கெல்லாம் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

இரண்டாம் பக்கத்தில் மட்டும், இறந்தவர்கள் பத்துப் பேர் என்று என் பெயருக்கு எதிரே எழுதியிருக்கிறீர்கள். பத்தாவதாகச் சந்தனச்செல்வி. அவள் மெஷின் உப்புப் பிடித்து நின்றுபோய், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகக் கடற்கரை ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். கையில் பஸ்ஸுக்குச் சில்லறை வைத்திருந்தாளாம். அது ஏப்ரல் நாலாம் தேதி. மார்ச் முப்பத்தொன்றோடு என் கணக்கு முடிந்துவிட்டது. அவளுக்கு என் மாடலில் 2051 வரை ஆயுள் இருந்தது. அவள் மாலைக்குப் பட்ஜெட்டில் இடம்கூட இல்லை, என் கைக்காசிலிருந்துதான் வாங்கி அனுப்பினேன். பூக்கடை ரசீது வைத்திருக்கிறேன், பார்க்கலாம். அதனால் அந்தப் பத்தை அடித்து ஒன்பது என்று திருத்திக்கொடுங்கள் அம்மா.

பத்தாவது எங்களுக்குத் தேவைப்படவே இல்லை.